சந்தாக் காசும் புள்ளடியும்: மலையகத்தில் கட்சி எப்படி லயத்துக்குள் வந்தது

கிளிநொச்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னர் என்னிடம் ஒரே விடயத்தைச் சொல்வார். "உங்கட தோட்டத்துச் சனத்துக்கு என்ன, தலைவர்மார் காட்டுற பக்கம் புள்ளடி போடுவினம். உங்களுக்குக் குழப்பமே இல்லை." அவர் பகிடியாகத்தான் சொல்கிறார். ஆனால் வடக்கிலும் கொழும்பிலும், ஏன், மலையகத்துப் பட்டினங்களில் கடை வைத்திருப்பவர்களிடமும்கூட, இந்த எண்ணம் உறுதியாக இருக்கிறது.

நுவரெலியா மாவட்டத்தின் முடிவுகளை எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. மாவட்டத்தில் வென்றவர் சரத் பொன்சேகா, 52 சதவீதம். 2015இலும் இ.தொ.கா மஹிந்தவுடன் நின்றது. மைத்திரிபால சிறிசேனவுக்கு ஏறக்குறைய 64 சதவீதம் கிடைத்தது. 2019இல் கோட்டாபயவை ஆதரித்தது. சஜித் பிரேமதாச 58 சதவீதம் எடுத்தார். 2024இல் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது. அப்போதும் மாவட்டத்தில் முதலிடம் சஜித்துக்கே. ஆக, மலையகத்தின் மிகப் பெரிய சங்கம் கைகாட்டிய ஆள் அடுத்தடுத்து நான்கு முறை இந்த மாவட்டத்தில் தோற்றிருக்கிறார்.

அப்படியானால் சங்கத்தின் பிடி விட்டுப்போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. 2010 ஜனவரியில் மஹிந்தவைத் தோற்கடித்த அதே மாவட்டம், ஏப்ரலில் மஹிந்தவின் வெற்றிலைச் சின்னத்தில் நின்ற இ.தொ.கா வேட்பாளர்கள் மூவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 2019 நவம்பரில் கோட்டாபயவை வேண்டாம் என்றது. 2020 ஆகஸ்டில் மொட்டுச் சின்னத்தில் நின்ற ஜீவன் தொண்டமானுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் விருப்பு வாக்குகளைக் கொடுத்தது.

ஒரே சனம், ஒரே லயம், ஒன்பது மாத இடைவெளி. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், தோட்டத்தில் ஒருவருக்குக் கட்சி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான் வளர்ந்தது ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்தின் மேற்கணக்கு லயத்தில். சின்ன வயதில் யாராவது என்னை விசாரித்தால் மூன்று கேள்விகள் வரும்: யார் மகன், எந்தக் கணக்கு, அப்பா எந்தச் சங்கம். மூன்றாவது கேள்விக்கும் முதலாவது கேள்வியைப் போலவே யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகியிருந்தோம். அப்பா எந்தச் சங்கமோ அதுதான் எங்கள் சங்கம். அம்மா கல்யாணத்துக்கு முன்னர் வேறு சங்கம். அவர் சங்கம் மாறியதற்கு அரசியல் காரணம் ஒன்றும் கிடையாது. தாலி ஏறியது, சந்தாப் படிவமும் மாறியது. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களின் சம்பளத்தில்தான் சந்தா பிடிபடும். ஆனால் எந்தச் சங்கம் என்பதை வீட்டு ஆண்கள்தான் தீர்மானித்தார்கள்.

கட்சிப் பற்று குடும்பத்துக்குள் மதத்தைப் போல இறங்கி வருகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் நீண்ட காலத்துக்கு முன்னரே எழுதிவிட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் 1960இல் வெளியிட்ட 'தி அமெரிக்கன் வோட்டர்' நூலின் மையக் கருத்தே அதுதான். பெரும்பாலானவர்கள் கொள்கைகளை நிறுத்துப் பார்த்துக் கட்சியைத் தேர்ந்தெடுப்பதில்லை. தாய் தகப்பனிடமிருந்து ஒரு கட்சி அடையாளம் வருகிறது, பிறகு செய்திகளை அந்த அடையாளத்தின் வழியாகத்தான் பார்க்கிறார்கள். அதற்கும் முன்னர், 1940 தேர்தலில் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் ஆராய்ந்த லசார்ஸ்ஃபெல்ட் குழுவினர், பத்திரிகையும் வானொலியும் நேரடியாக மாற்றியவர்கள் குறைவு என்றும், அக்கம்பக்கத்தில் மதிக்கப்படும் ஓர் ஆள் சொல்வதே அதிகம் எடுபடுகிறது என்றும் கண்டார்கள். அந்த 'ஓர் ஆளை' எங்கள் பக்கம் தோட்டத் தலைவர் என்று சொல்வோம்.

ஆனால் மிச்சிகன் நூலில் இல்லாத ஒன்று மலையகத்தில் உண்டு. எங்கள் ஆட்களுக்குக் கட்சி அடையாளம் வாக்குரிமையின் பக்கத்தில் வளரவில்லை. வாக்குரிமை இல்லாத இடத்தில்தான் அது வளர்ந்தது.

1931இல் கோ.நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோதே தொழிற்சங்கம் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. 1939இல் நேரு வந்து போனதை அடுத்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அதன் தொழிற்சங்கம் அடுத்த ஆண்டு வந்தது. அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1947 பொதுத் தேர்தலில் இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி.வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜீ.ஆர்.மோத்தா எல்லோரும் அந்த ஏழு பேரில் அடக்கம். காங்கிரஸ் போட்டியிடாத பல இடங்களில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. டி.எஸ்.சேனநாயக்கவின் அரசாங்கம் இதைக் கவனிக்காமல் இருக்கவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் என்று மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கி, வாக்காளர் இடாப்பிலிருந்தும் வெளியே தள்ளின. 1952 தேர்தலில் ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு 1977வரை மலையகத் தமிழர் ஒருவர் வாக்கால் தெரிவாகிப் பாராளுமன்றம் போக முடியவில்லை. தொண்டமான் 1960இல் போனது நியமன உறுப்பினராக. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் முழுதாக முடிய 2003வரை ஆனது.

இந்த நீண்ட காலத்தில் ஒரு தொழிலாளிக்கு அரசாங்கத்தோடு தொடர்பு என்று இருந்தது என்ன? கிராம சேவகர் தோட்டத்துக்கு வருவது அபூர்வம். உள்ளூராட்சி சபைகள் தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்ததே 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான். துரையோடு பேச, பொலிஸில் பிடிபட்டவனை வெளியே எடுக்க, ஆஸ்பத்திரிக்கு லொறி கேட்க, பிறப்புச் சான்றிதழுக்குக் கடிதம் வாங்க, எல்லாவற்றுக்கும் தலைவர்தான். எங்கள் அப்பாயி தன்னுடைய சங்கத்து அட்டையைத் தகரப் பெட்டிக்குள் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார். அவருடைய பெயர் அச்சாகியிருந்த கடதாசிகள் அவரிடம் அதிகம் இல்லை. அவர் முதன்முதலாக வாக்களித்தது 1994இல். அதற்கு முன்னர் நாற்பது வருடத்துக்கு மேல் அவர் ஒரு கட்சியின் ஆள். அந்தக் கட்சிக்கு வாக்குப் போட முடியாத ஆள்.

மாதா மாதம் செக்ரோலில் பிடிபட்ட சந்தாவைத்தான் அவர் தன்னுடைய வாக்காக நினைத்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

சங்கங்கள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். 1956இல் அப்துல் அஸீஸ் பிரிந்து போய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் வந்தது. 1965இல் வி.கே.வெள்ளையன் இ.தொ.காவை விட்டு விலகித் தொழிலாளர் தேசிய சங்கத்தை ஆரம்பித்தார். ஐக்கிய தேசியக் கட்சி தனக்கென்று ஒரு சங்கத்தை வைத்திருந்தது. 1989இல் பெ.சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியை உருவாக்கினார். 1994இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. சந்திரிகாவுக்குத் தேவைப்பட்ட 113ஆவது ஆசனம் சந்திரசேகரனுடையது. அந்த ஒரு ஆசனத்தைப் பற்றி எங்கள் லயத்தில் மாதக்கணக்கில் பேசினார்கள்.

பிரிவுகளுக்குக் காரணமாகக் கொள்கையைச் சொல்வார்கள். லயத்தளவில் நடப்பது அதுவல்ல. என் சித்தப்பா ஒருமுறை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அவருடைய சங்கத்தின் தலைவர் துரையிடம் போய்ப் பேசவில்லை. எந்தச் சங்கம் என்பது இங்கே வேண்டாம். சித்தப்பா படிவத்தை மாற்றிக் கொடுத்தார். அவரோடு அவருடைய மச்சான்மார் இருவர், மாமனார் வீடு, பக்கத்துக் காம்பராக்காரர் என்று ஒரு மாதத்துக்குள் ஒன்பது பேர் மாறினார்கள். அவர்களில் ஒருவரும் புதிய சங்கத்தின் கொள்கையை வாசித்தவர் இல்லை. ஆள் ஆளாகச் சங்கம் மாறுவதை நான் கண்டது குறைவு. சொந்தம் சொந்தமாகத்தான் மாறுவார்கள். சாதியும் இதில் சத்தமில்லாமல் வேலை செய்யும். பழைய சங்கத்தின் தலைமை கங்காணி வம்சத்தில் நின்றுவிட்டது என்ற மனக்குறை, புதிய சங்கங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. தொண்டமானின் தகப்பனாரே கங்காணியாக வந்து வெவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரரானவர்தான்.

சங்கங்களுக்கு இந்த ஆள்கணக்கு உயிர்நாடி. 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வேலைத்தலத்தில் 40 சதவீதத்தினரை அங்கத்தவராக வைத்திருக்கும் சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. அதனால் அங்கத்துவம் கூடினால் பேரம் பேசும் பலம் கூடும், வருமானமும் கூடும், தேர்தல் வந்தால் வேட்பாளர் பட்டியலில் இடமும் கூடும். ஒரே படிவத்துக்கு மூன்று வேலை.

இவ்வளவு போட்டி இருந்தும் தோட்டம் இரண்டாகப் பிளந்து போகாதது ஏன்? அமெரிக்க ஆய்வாளர் லிலியானா மேசன் 2018இல் எழுதிய நூலில் ஒரு விளக்கம் உண்டு. அங்கே முன்பெல்லாம் ஒரு கட்சிக்குள் பல இனம், பல தேவாலயம், பல ஊர் கலந்திருந்தன. இப்போது இனம், மதம், வாழும் இடம் எல்லாம் கட்சியோடு ஒரே கோட்டில் சேர்ந்துவிட்டதால், எதிர்க் கட்சிக்காரர் முழுக்க அந்நியராகத் தெரிகிறார், வெறுப்பு கூடுகிறது என்கிறார். எங்கள் லயத்தில் நிலைமை நேர்மாறானது. எதிர்ச் சங்கத்துக்காரர் என் அம்மாவின் அண்ணன். தேர்தல் காலத்தில் கைகலப்பு வரும், போஸ்டர் கிழியும். ஆனால் கேத வீட்டுக்குக் குழி வெட்ட எல்லாச் சங்கத்து ஆட்களும் மண்வெட்டியோடு நிற்பார்கள். காமன் கூத்துக்கு ரதி ஒரு சங்கம், மன்மதன் ஒரு சங்கம்.

ஆனால் இனம் என்று வரும்போது கணக்கு மாறிவிடும். முதலில் சொன்ன புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பாராளுமன்றத் தேர்தலில் கேள்வி, "நாளைக்கு எனக்காகத் துரையிடமும் மந்திரியிடமும் போகப் போவது யார்?" அதற்குப் பதில் சொல்வது சங்க வலைப்பின்னல். ஏழு பேர்ச் காணி, இந்திய வீட்டுத்திட்டம், ஆசிரியர் நியமனம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் வரும். ஜனாதிபதித் தேர்தலில் கேள்வி வேறு. "இந்த ஆள் வந்தால் எங்களை வாழ விடுவானா?" அதற்குப் பதில் சொல்வது 1977ஐயும், 1981ஐயும், 1983ஐயும் கண்ட ஆட்களின் நினைவு. கொழும்பில் கடையில் நின்ற பிள்ளை அடையாள அட்டையில் ஊர் பார்க்கப்பட்டு விசாரிக்கப்பட்ட நினைவு. 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட செய்தி மலைக்கு மலை பரவிய நினைவு. இந்தப் பேச்சுக்குத் தலைவர் தேவையில்லை. அடுப்படியில் நடக்கும். 2010, 2015, 2019, 2024 எல்லாவற்றிலும் நுவரெலியா வாக்களித்த திசையும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு வாக்களித்த திசையும் ஒன்றே. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. இதில் 1977இலிருந்து மனதில் ஊறிய யானைச் சின்னத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்வோர் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 2024இல் யானையின் தலைவரே போட்டியிட்டும், சங்கம் அவரோடு நின்றும், அவர் இரண்டாவதாகத்தான் வந்தார்.

கறுப்பின அமெரிக்கர்களின் வாக்களிப்பைப் பற்றி இஸ்மாயில் வைட், ஷெரில் லேர்ட் இருவரும் 2020இல் ஒரு நூல் எழுதினார்கள். கொள்கையில் பழைமைவாதிகளாக இருக்கும் கறுப்பினத்தவர்கூட ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பதற்குக் காரணம், தேவாலயத்திலும் குடும்பத்திலும் நண்பர்களிடமும் "நாங்கள் ஒன்றாக நிற்போம்" என்ற எதிர்பார்ப்பு இருப்பதுதான் என்பது அவர்கள் வாதம். பிரிக்கப்பட்டு வாழ்ந்த சமூகத்துக்குள் அந்த எதிர்பார்ப்புக்கு வலு அதிகம். வீட்டுச் சின்னத்துக்குப் பல தசாப்தங்கள் வாக்களித்த வடக்கு வாசகர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கிளிநொச்சி நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். 1977 கலவரத்துக்குப் பிறகு ஹட்டன் பக்கமிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அப்படி வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2009இல் எல்லோரோடும் சேர்ந்து முள்ளிவாய்க்கால்வரை போனவர்கள். அங்கே செக்ரோல் இல்லை, சந்தா இல்லை, தோட்டத் தலைவர் இல்லை. பிள்ளைகளுக்குச் சங்கத்தின் பெயரே தெரியாது. காணி உறுதிதான் அவர்களுடைய முதல் பிரச்சினை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஹட்டனில் இருப்பவன் சேவலோடும் யானையோடும் வளர்ந்தான். வன்னியில் இருப்பவன் வீட்டோடு வளர்ந்தான். வலைப்பின்னல் மாறினால் கட்சி மாறும் என்பதற்கு நான் கண்ட மிகத் தெளிவான உதாரணம் இதுதான்.

மலையிலேயே இருப்பவர்களின் வலையும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இன்று தோட்டத் தொழிலாளர்கள் இல்லை. பையன்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில். சந்தா பிடிக்க அவர்களுக்குச் செக்ரோல் கிடையாது. அவர்களுடைய 'மதிக்கப்படும் ஆள்' தொலைபேசித் திரையில் வருகிறார். சம்பளப் பேச்சும் சங்கத்தின் கையை விட்டுப் போனது. 1,000 ரூபாய்க் கோரிக்கை எழுந்தது 2015இல், கிடைத்தது 2021இல். அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபையின் வழியாக வந்த வர்த்தமானியால். 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் வந்து நின்றது 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்திலும், கூடுதலாக எடுத்தால் 350 என்ற கணக்கிலும்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நுவரெலியாவின் எட்டு ஆசனங்களில் ஐந்தை எடுத்தது. ஐக்கிய மக்கள் சக்தியில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும், யானையில் ஜீவனும் மிஞ்சினார்கள். இதை நம்பாதவர்கள் பலர். மக்கள் விடுதலை முன்னணி ஆரம்ப காலத்தில் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அதில் எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் பேசினார்கள். 2023 ஒக்டோபரில் அதே அமைப்பினர் தேசிய மக்கள் சக்தியாக வந்து ஹட்டன் பிரகடனம் வெளியிட்டார்கள். பழையதை மறந்துவிட்டார்களா என்று எங்கள் தோட்டத்தின் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் கேட்டேன். "மறக்கலப்பா. புள்ளைக கொழும்புல இருந்து போன் போட்டுச் சொன்னாங்க, போட்டோம்" என்றார். முன்பு தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிய சின்னம், இந்த முறை மகனிடமிருந்து தகப்பனுக்கு ஏறியிருக்கிறது.

அந்தத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமிவேலும் தெரிவானார்கள். பாராளுமன்றம் போன முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் இவர்கள் இருவரும். இருவரும் பழைய சங்கங்களின் பட்டியலில் வரவில்லை. இத்தனை தசாப்தங்கள் பெண்களின் சந்தாவில் நடந்த சங்கங்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கின்றன என்று நான் இரண்டு தலைவர்மாரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் மாதர் சங்கம் இருக்கிறது என்றார். மற்றவர் சிரித்தார்.

இந்த மாற்றம் நிலைக்குமா என்பதற்கு அமெரிக்க நூல்களை வைத்துச் சோதிடம் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் லயத்தில் சந்தா இன்னும் கட்டுபவர்களும் திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டார்கள். படிவத்தை மாற்றவில்லை. என் அம்மாவும் அப்படித்தான். ஏன் சங்கத்தை விடவில்லை என்று கேட்டேன். "ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. அரைப்பேர் போட்டா நாளைக்கு யாருகிட்டப்பா போறது?" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பிரட்டுக்கு நடந்தார்.